ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பு

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபை எப்படியோ தாண்டியாச்சு, இனிமே பிஎச் எல்லாம் நமக்கெதுக்குன்னு நினைக்கிறீங்களா? ஹாஸ்டல் பாத்ரூம் மூலையில் இருக்கும் டாய்லெட் கிளீனர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. பல பிராண்டுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 10 சதவீதம்னு போட்டிருக்கும். லேபில் பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்ட 0.1 நார்மல் அமிலத்தைவிட இது ஏறக்குறைய 30 மடங்கு செறிவு!

பிஎச் அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். நம்ம தோலின் மேற்பரப்பு சுமார் 5. இந்த லேசான அமிலத்தன்மைதான் கெட்ட கிருமிகளைத் தடுத்து, ஈரப்பதத்தைக் காப்பாத்துது. பாட்டிலில் இருப்பதோ பிஎச் 1-க்கும் கீழே. அதாவது தோலைவிட 10,000 மடங்குக்கும் மேல்! பட்டால் எரியாம என்ன செய்யும்?

அப்போ சோப்பு நல்லதா? துணி சோப்பும் டிடர்ஜென்டும் எதிர்ப்பக்கம், பிஎச் 9, 10-க்கு மேல. தினமும் கையில் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய், வறண்டு வெடிக்கும். வெடிப்பு விழுந்த கையில் அமிலம் பட்டால் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, அமிலம் கறையை எப்படி எடுக்குது? போர் தண்ணீரின் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக் கிளம்ப, கறை கரையுது. மொசைக் தரையிலும் சிமென்ட்டிலும் இருப்பது அதே மாதிரி கால்சியம்தான். அதனால தரையும் சேர்ந்தே அரிக்கும்.

ஊற்றியதோடு கதை முடியலை. பிஎச் 1 உள்ள ஒரு லிட்டர் அமிலத்தை வெறும் தண்ணீர் கலந்தே பிஎச் 5-க்குக் கொண்டுவர 10,000 லிட்டர் வேணும். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர்! அளவுக்கு மீறி ஊற்றினால் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் சாகும். அப்புறம் நாத்தம் யாருக்கு? நமக்குத்தான்.

இதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. "ரெண்டையும் சேர்த்தா இன்னும் பளிச்னு இருக்கும்"னு ஆசிட் கிளீனரோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துடாதீங்க. வருவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில் 1915-ல் ஆயுதமாக விட்ட அதே வாயு. மூடின பாத்ரூமில் நுரையீரலைப் பதம் பார்த்துடும்.

என்ன செய்யலாம்? பித்தளை விளக்கை வீட்டில் புளி போட்டுத்தானே தேய்க்கிறாங்க? அதுவும் அமிலம்தான், ஆனா சாது. அதே மாதிரி குழாயில் படிந்த உப்புக்கு வினிகரோ எலுமிச்சை உப்போ போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டாலே போதும். ஆசிட் கட்டாயம் தேவைன்னா ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, கொஞ்சமா ஊத்துங்க. கையில் பட்டால் சோடா மாவைத் தேடி ஓடாம, ஓடும் தண்ணீரில் குறைஞ்சது 15 நிமிஷம் கழுவுங்க. கண்ணில் பட்டால் அதே மாதிரி கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

கடைசியா ஒண்ணு. நாம மாசத்துக்கு ஒரு தடவை தொடும் பாட்டிலை, நம்ம ஃப்ளோர் அக்கா தினமும் தொடுறாங்க, பெரும்பாலும் வெறுங்கையோட. ரூமுக்கு ஒரு டீ காசு போட்டாலே ரப்பர் கையுறை வாங்கிடலாம். இந்த வாரமே வாங்கிக் கொடுப்போமா?