எலும்பு கூடிய பிறகு

எலும்பு கூடிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் காலை ஊன்றினால் உயிர் போகிறது. சிதைந்த காலைக் காப்பாற்றிக்கொண்ட பலரின் நிலை இதுதான். அமெரிக்காவில் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில் 569 பேரைத் தொடர்ந்து கவனித்த 'லீப்' ஆய்வு (2002), இரண்டாண்டுகளுக்குப் பிறகு காலை எடுத்தவர்களும் காப்பாற்றியவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதாகச் சொன்னது. ராணுவத்தினர் 324 பேரை ஆராய்ந்த 'மெட்டல்ஸ்' (2013), எடுத்தவர்களே மேலாக இயங்குவதாகக் கண்டது. அப்படியானால் எடுத்துவிடுவதுதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். காலை இழந்தவருக்கு நவீன செயற்கைக்கால் கிடைத்தது. காப்பாற்றியவருக்கு அதற்கு ஈடான கருவி பெரும்பாலும் கிடைக்கவில்லை. சரிசமமில்லாத போட்டியின் முடிவு இது.

அந்தக் குறையை நிரப்ப, டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில் ரயன் பிளாங்க் உருவாக்கியது 'ஐடியோ'. நம் ஊர்க் காலிபரின் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் இதில் இல்லை. அவரவர் காலுக்கு அச்செடுத்துச் செய்த கார்பன் ஃபைபர் கூடு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அங்கிருந்து கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கும் தண்டு, பாதத்தின் அடியிலுள்ள தகட்டில் முடிகிறது. குதிகாலுக்குக் கீழே ஒரு மெத்தை. அடி வைக்கும்போது மெத்தை அமுங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. உடல் முன்னே சாயச் சாயத் தண்டு வளைந்து, பிறகு விடுபட்டு உந்துகிறது. உடல் எடை எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு கூட்டின் வழியாக முழங்காலுக்குக் கீழுள்ள பகுதிக்குப் போய்விடுவதால், குதிகாலும் நொந்த கணுக்கால் மூட்டும் தாங்க வேண்டிய பாரம் குறைகிறது.

பலன் கருவியாலா, கூடவே தரும் கடுமையான பயிற்சியாலா என்று கேட்பது நியாயம். ராணுவத்தினர் 84 பேருக்கு முதல் நான்கு வாரம் பயிற்சி மட்டும், அடுத்த நான்கு வாரம் கருவியோடு பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள் (2014). கணிசமான முன்னேற்றம் கருவி சேர்ந்த பிறகே தெரிந்தது. காலை எடுத்துவிடலாமா என்று யோசித்திருந்த 50 பேரில் 41 பேர் வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு இல்லாதது இந்த ஆய்வின் பலவீனம். இளம் வீரர்களின் உடலும் ஊக்கமும் எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் உண்மை. அதனால் முதியவருக்கு இதே அளவு பலனை வாக்களிக்க முடியாது. கருவியே வேண்டாம் என்று தள்ளவும் அது காரணமாகாது.

காலமெல்லாம் கருவியை நம்பியிருந்தால் தசை சோம்பிவிடாதா என்பது இன்னொரு தடை. குண்டுவெடிப்பில் பிய்ந்துபோன தசை எந்தப் பயிற்சியாலும் திரும்ப முளைக்காது; செயற்கைக்காலும் ஆயுள் முழுவதற்கும் உரிய துணைதானே. உண்மையான எச்சரிக்கை வேறு: உணர்ச்சி மரத்த காலில் கூடு அழுத்திப் புண்ணாக்கினால் நோயாளிக்குத் தெரியாது. எனவே அளவெடுப்பதோடு வேலை முடிவதில்லை. தோலைத் தொடர்ந்து பார்க்கவும், கூட்டைத் திருத்தவும் ஆள் வேண்டும். எடுத்த காலை மீண்டும் ஒட்ட முடியாது, கருவியைக் கழற்றி வைத்துவிடலாம். ஆகவே, வலிக்காக மட்டும் காலை எடுக்க நினைப்பவர், பொருத்தமான கருவியோடு சில வாரம் நடந்து பார்த்த பிறகு முடிவெடுப்பதே முறை.

(தொடரும்)