புவியியலும் கல்வியியலும்

ஆற்றின் போக்கை ஆராய்வது புவியியல். அவ்வறிவு மாணவர் உள்ளத்தில் வேரூன்றும் வழியை ஆராய்வது கல்வியியல். பின்னதை அறியாத புலவரும் ஊர்ப்பெயர்களை நெட்டுருச் செய்விப்பதோடு அமைந்துவிடக்கூடும். ஆதலின், இவ்விரண்டையும் பல்கலைக்கழகத்தில் ஒருங்கே பயில்வது நலம் பயக்கும்.

இலண்டனில் 1912ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த ஜேம்ஸ் ஃபேர்கிரீவ் என்னும் அறிஞர் இதனை நன்குணர்ந்தவர். உலகின் நிலைமைகளைப் பிழையின்றி மனக்கண்ணால் காணும் ஆற்றலை வருங்காலக் குடிமக்களிடம் வளர்ப்பதே புவியியற் கல்வியின் பயன் என்பது அவர் 1926இல் வெளியிட்ட நூலின் கருத்தாகும்.

இருதுறையும் கற்ற ஆசிரியர், மழை ஓய்ந்ததும் மாணவரைப் பள்ளி முற்றத்திற்கு அழைத்துச் செல்வார். ஓடும் நீர் மண்ணை அரித்துச் சென்று, விரைவு குன்றுமிடத்தில் படியவிடுவதை அவர்கள் காண்பர். பின்னர், நைல் ஆற்றின் கழிமுகம் அவர்கட்கு வெறும் வரைபடக் கோடாகத் தோன்றாது. நீர் சமைத்த நிலமாகவே விளங்கும்.