வேலியில் ஒரு வழி

இங்கிலாந்திலே முள்ளெலிகள் அருகி வருவதைக் கண்ட இயற்கை ஆர்வலர், 2011ஆம் ஆண்டில் எளியதோர் இயக்கத்தைத் தொடங்கினர். வீட்டுத் தோட்ட வேலியின் அடியில் 13 சென்றிமீற்றர் சதுரத் துவாரம் ஒன்று விடுங்கள். இரவில் அச்சிற்றுயிர் இரை தேடிச் சென்றுவர அது போதும் என்பதே அவர்தம் வேண்டுகோள். வேலி மனிதனுடையது, வழியோ உயிர்களுக்கெல்லாம் பொது என்னும் அறம் இதில் அடங்கியுள்ளதன்றோ!

நம் மலைநாட்டில் முள்ளெலி இல்லை. முள்ளம்பன்றி உண்டு; காட்டுப்பன்றியும் மரையும் சிறுத்தையும் உண்டு. இங்கும் வேலிகளில் துவாரம் உண்டு. ஆனால், அங்கே பல வேளைகளில் தொங்குவது சுருக்குக் கம்பி!

2020 மே 26ஆம் நாள், நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்தியருகே இட்ட கண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. இலங்கையில் காண்பதற்கு அரிதினும் அரிதான விலங்கு அது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும், மே 29இல் இறந்தது.

கண்ணிக்கு இன்ன விலங்கென்னும் பேதம் தெரியாது. பன்றிக்கென இட்டது சிறுத்தையின் இடையைப் பற்றும். திமிறத் திமிற இறுகும். வெளிக்காயம் சிறிதாயினும் உள்ளுறுப்புகள் சிதைந்துவிடும்.

கண்ணி வைத்தவரைப் பழித்தல் எளிது. இறைச்சிக்காக வைப்போரும் உளர் என்பது மெய்யே. ஆனால், நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு லயத்தின் பின்னேயுள்ள கிழங்குப் பாத்தி பொழுதுபோக்கன்று, அடுப்பின் ஆதாரம். ஒரே இரவில் பன்றி அதைக் கிளறியழித்தால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வார்? இவ்வினாவுக்கு விடை கூறாமல் சட்டத்தை மட்டும் காட்டுவது நீதியாகாது.

அதேவேளை, பன்றியையும் மரையையும் முள்ளம்பன்றியையும் இரையாகக் கொள்வது சிறுத்தை. அதனைக் கொல்வோர் தம் பாத்தியின் பகையையே வளர்க்கின்றனர்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. பாத்தியைத் தகரத்தாலோ கல்லணையாலோ நெருக்கமாக அடைக்கலாம். அதற்கான பொருளைத் தோட்ட நிர்வாகங்கள் தந்துதவலாம். கண்ணியில் விலங்கு சிக்கியிருக்கக் கண்டால் நெருங்காமல், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்கலாம்.

2021இல், ஆகஸ்ட் முதலாம் நாள் இலங்கைச் சிறுத்தை தினமாக அறிவிக்கப்பட்டது. அந்நாளில் சிறுத்தையின் படத்தை வரைவிப்பதோடு ஆசிரியர்கள் அமைதலாகாது. பாத்தியைக் காக்கும் வழியையும் கண்ணியின் கொடுமையையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும். பாடம் கேட்ட பிள்ளை வீடு திரும்பித் தந்தையிடம் பேசும். பல வேலிகளிலிருந்து கம்பி கழல்வதற்கு அப்பேச்சே தொடக்கமாகும்.