வேறு துறைப் பட்டதாரிகளும் ஆசிரியப் பணியும்

கல்லூரியில் கற்ற பாடமும் வாழ்க்கையில் ஏற்கும் பணியும் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை. பொறியியலோ, வணிகவியலோ, சட்டமோ பயின்ற பின்னர் ஆசிரியப் பணியை நாடுவோர் பலர். இத்தகைய மாற்றம் தமிழுலகிற்குப் புதியதன்று. தூத்துக்குடியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய சோமசுந்தர பாரதியார் 1933-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்த வையாபுரிப் பிள்ளை 1926-இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகவும், 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும் ஆனார். நீதிமன்றத்தில் தொழில் நடத்திய காலத்திலேயே இருவரும் தமிழை ஆழ்ந்து பயின்றிருந்தனர் என்பது கருதத்தக்கது. பாட அறிவே அவர்களுக்கு வாயிலைத் திறந்தது.

விதிகள் கூறுவது

அக்காலத்தில் தனிப்பட்ட புலமையைக் கொண்டு முடிவு செய்யப்பட்டதை இன்று சட்டம் வரையறுக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 23-ஆம் பிரிவின்படி, ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதிகளை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் அறிவித்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறுவது அவற்றுள் ஒன்று. குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டுகளாக்கின. அறிவியல், கணிதச் சிறப்புப் பாடங்களுடன் பொறியியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றோரும் அதில் சேர அவை இடமளித்தன.

ஆயினும் பி.எட். எல்லா வகுப்புகளுக்கும் உரிய தகுதியன்று. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க அது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்தது. சிறுவர்களுக்குக் கற்பிக்க விழையும் பட்டதாரி, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பையே மேற்கொள்ள வேண்டும். இதை அறியாது பி.எட். பயில்வோர் இரண்டு ஆண்டுகளையும் அதற்கான செலவையும் வீணாக்க நேரும்.

உயர்நிலை வகுப்புகளில் நிலை வேறு. அங்கு, கற்பிக்கவிருக்கும் பாடத்திலோ அதற்கு ஏற்புடைய பாடத்திலோ பட்டம் கேட்கப்படுகிறது. கேரளத்தில் வணிகவியல் மேல்நிலை வகுப்புகளிலேயே தனிப் பாடமாக உள்ளது. ஆகவே அப்பாடத்தில் ஆசிரியராக, முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. எனவே எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்ற இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பயிற்சியில் சேர்வது முறை.

எல்லைப்புறத்தின் மூன்றாம் வினா

மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் எந்தப் பயிற்று மொழி என்ற மூன்றாவது வினாவும் எழுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தை அடுத்துள்ளது எருத்தேன்பதி. பழைய கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த இவ்வட்டம் 1956 நவம்பர் 1 முதல் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. இங்கும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பெருமளவில் வாழ்கின்றனர்.

ஒரு வகுப்பில் 10 பேரோ, பள்ளியில் 40 பேரோ வேற்றுத் தாய்மொழியினராக இருப்பின் அவர்களுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வேண்டும் என்று 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-இல் நிறைவேறிய ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு, அதற்குரிய வசதிகளைச் செய்யும் கடமையை மாநிலங்கள் மீது சுமத்தியது. இவ்வுரிமைக்கு உயிரூட்டுபவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே. பிள்ளைகளின் மொழியை அறியாதவர் அப்பணியிடத்தில் அமர்ந்தால், பதிவேட்டில் இடம் நிரம்பும்; பாடமோ பிள்ளைகளைச் சென்றடையாது. காசர்கோட்டுக் கன்னடப் பள்ளிகளில் இத்தகைய நியமனங்கள் எதிர்ப்புக்கு உள்ளாயின.

பயன்படாத ஆற்றல்

தமிழ் வழியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கப் பாட அறிவு, பயிற்சி, தமிழறிவு ஆகிய மூன்றும் ஒருவரிடமே இணைதல் வேண்டும். உள்ளூரில் தமிழில் பயின்று பின்னர் வேறு துறையில் பட்டம் பெற்ற இளைஞரிடம் இவற்றுள் மொழியறிவு முன்னரே அமைந்துள்ளது. எஞ்சியவற்றைப் படிப்பால் பெறலாம். கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் தொடக்கநிலைப் பிரிவில் மொழிப் பகுதியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு. வேறு துறைகளில் பட்டம் பெற்றோருக்கு ஈராண்டு பி.எட். படிப்பு தொடர வேண்டும் என்பதை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஏற்றுள்ளது.

ஆகவே மாணவர் செய்ய வேண்டுவது, பட்டப் படிப்பின் முதலாண்டிலேயே இம்மூன்று வினாக்களையும் எழுப்பி, உரிய துணைப்பாடத்தையும் தேர்வையும் தெரிவு செய்தல். அலுவலர் செய்ய வேண்டுவது, தமிழ் வழிப் பணியிடங்கள் எங்கு, எந்தப் பாடத்தில், எப்போது காலியாகும் என்பதை முன்கூட்டியே கணித்து அறிவித்தல். ஓர் ஆசிரியரை உருவாக்க ஈராண்டுகள் ஆகும். ஆனால் ஒரு குழந்தை ஒரு வகுப்பில் இருப்பதோ ஓராண்டே. காலியிடம் தோன்றிய பின் தொடங்கும் ஏற்பாடு எத்துணை விரைவாக நடப்பினும், அவ்வாண்டின் குழந்தைக்கு அது பயன்படாது.