ஆயாவுக்கு ரத்தம் எங்கே போகிறது?



"நாலடி நடந்தா மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது" என்று நம்ம வீட்டு ஆயா சொன்னால் என்ன செய்கிறோம்? "வயசாயிடுச்சு, மீன் கூடை சுமந்த உடம்பு" என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் சத்து மாத்திரை வாங்கித் தருகிறோம். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? ஏறினாலும் மறுபடி குறைகிறதா? அப்படியானால் உள்ளே எங்கேயோ ரத்தம் கசியலாம்.

வயிற்றுப்புண், மூலம், குடல் கட்டி என்று காரணங்கள் பல. மூட்டுவலிக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் மாத்திரையாலும் புண் வரும். நமக்கு அதிகம் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. 60 வயதுக்கு மேல் சிலருக்குக் குடலின் உள்சுவரில் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து, பழைய வலை நூல் மாதிரி நைந்துவிடும். கொஞ்சம் கசியும், தானாக நிற்கும், மறுபடி கசியும். வலி இருக்காது. அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போகும். சிலருக்குச் சிவப்பாகப் போகும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். சந்தேகம் என்றால் டாக்டரிடம் கேளுங்கள். கசிவு கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு ரத்தசோகை.

வயிற்றைக் கிழிப்பார்களா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. முனையில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாகவோ, ஆசனவாய் வழியாகவோ விட்டுப் பார்க்கிறார்கள். இதுதான் எண்டோஸ்கோப்பி. கசியும் இடம் தெரிந்தால், அதே குழாய் வழியாக ஆர்கான் என்ற வாயுவையும் மின்சாரத்தையும் செலுத்தி, அந்த இடத்தை மேலாகச் சுட்டு அடைக்கிறார்கள். தையல் இல்லை. குழாய் எட்டாத சிறுகுடலைப் பார்க்க, விழுங்கும் மாத்திரை வடிவில் கேமராவும் வந்துவிட்டது. ஒரு விஷயம்: வேறு இடத்தில் மறுபடி கசியலாம். அதனால் சிகிச்சைக்குப் பிறகும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பொன்னேரி அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால், அனுப்பம்பட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே குடல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டுகள், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ரத்தம் நிறையப் போனாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைக்கு எடை பார்க்கிறோம், கர்ப்பிணிக்கு ரத்தம் பார்க்கிறோம். ஆயாவுக்கும் பார்ப்போமே! அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு வந்து சொல்வோம்.