கவரேஜ் இல்லாத காட்டில் வழி அறிய எந்தக் கருவி?

நீண்டகால இடப்பெயர்வின் பின் காணியைப் பார்க்கப் போகும் எம்மவர் பலருக்கு முதலில் ஏற்படும் திகைப்பு, காணி எங்கே என்பதுதான். வேலி இல்லை, அடையாளமாக நின்ற பனையும் பாலையும் இல்லை, வண்டில் போன பாதையைப் பற்றை மூடிவிட்டது. மாடு தேடிக் காட்டுக்குள் இறங்கியவர், பொழுதுபட்டதும் குளக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறுவதும் உண்டு. அவ்வேளையில் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்து, "கவரேஜ் இல்லை, இனி இது உதவாது" என்று மடித்து வைத்துவிடுகிறோம். இவ்வெண்ணம் தவறானது. ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

கருவி இடத்தை அறிவது எப்படி?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா இயக்கும் செய்மதித் தொகுதி. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் இச்செய்மதிகள் நேரத்தைக் குறிக்கும் சமிக்ஞையை இடைவிடாது அனுப்புகின்றன. குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், கருவி தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். றேடியோப் பெட்டியைப் போல அது கேட்கிறதேயன்றி எதையும் அனுப்புவதில்லை. ஆகவே தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். கோபுரம் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கிக்கொள்வதற்கே. அதை வீட்டிலோ பட்டணத்திலோ முன்கூட்டியே செய்துவிடலாம்.

பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கும் வழக்கத்தை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்தியது. இன்று சாதாரண கைத்தொலைபேசி, திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீற்றருக்குள் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழ் பிழை கூடும்.

மூன்று வகைக் கருவிகள்

முதலாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடிய ஸ்மார்ட் கைத்தொலைபேசி. ஓர்கானிக் மாப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் வரைபடத்தை இறக்கி வைத்தால் இணையமின்றியே பார்க்கலாம். இதன் குறை பற்றறி. கோபுரத்தைத் தேடித் தேடியே அது இறங்கிவிடும். ஆகவே விமானப் பயண முறைக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் அப்போதும் ஜி.பி.எஸ். இயங்கும். 1990களில் பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். சக்தியை எண்ணிச் செலவழிக்க எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, கார்மின் இட்ரெக்ஸ் போன்ற கையடக்க ஜி.பி.எஸ். கருவி. அதன் சில வகைகள் கடையில் வாங்கும் இரண்டு சிறு பற்றறிகளில் இயங்கும். ஒரு நாள் நடைக்கு அவை தாராளமாகப் போதும். மழைக்கும் ஈரக் கைக்கும் ஏற்றவை. விலை அதிகமாதலால் ஒரு குடும்பம் தனியே வாங்குவதிலும், கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ பொதுவில் ஒன்றை வைத்திருப்பது உகந்தது.

மூன்றாவது, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. முன்னைய இரண்டும் நீங்கள் நிற்கும் இடத்தை உங்களுக்கு மட்டுமே சொல்லும். கவரேஜ் இல்லாத இடத்திலிருந்து உதவி கேட்க வல்லது இதுவே. ஆனால் கருவியின் விலைக்கு மேலாகச் சேவைக்கும் கட்டணம் கட்டவேண்டும். வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேட்டறிய வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலாவது வகையே போதும் என்பது எமது கருத்து.

புறப்படுமுன்

திறந்த வெளியில் நின்று கருவி இடத்தைப் பிடிக்கும்வரை காத்திருங்கள். இணையமில்லாதபோது சில நிமிடங்கள் எடுக்கலாம். வீட்டையோ குளக்கட்டையோ குறித்து வையுங்கள். நடந்த பாதையைப் பதிவுசெய்யும் வசதியை இயக்குங்கள். கருவி காட்டும் இரண்டு இலக்கங்களையும் வாசிக்கப் பழகுங்கள். வன்னியில் முதலாவது 8 அல்லது 9 எனவும், இரண்டாவது 79 அல்லது 80 எனவும் தொடங்கும். புள்ளிக்குப் பின்வரும் நான்காம் இலக்கம் ஒன்றால் மாறினால் ஏறக்குறைய 11 மீற்றர் வித்தியாசம். அவற்றைக் கடதாசியிலும் எழுதுங்கள். போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கருவி சொல்லாதவை

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். காலடியில் என்ன இருக்கிறது என்பதை எந்த ஜி.பி.எஸ். கருவியும் அறியாது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது; அகற்றும் பணி அதன் பின்னரும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. வீட்டைக் குறித்து வைத்திருந்தால், திரும்பும்போது கருவி அதை நோக்கி ஒரு நேர்கோட்டைக் காட்டும். அக்கோடு நீங்கள் மிதிக்காத பற்றைக்கூடாகப் போகலாம். அதைப் பின்பற்றவேண்டாம். வந்த பாதையின் பதிவைப் பார்த்து அதே வழியில் திரும்புங்கள். அந்தப் பதிவிலும் சில மீற்றர் பிழை இருக்கும் என்பதால் உங்கள் காலடித் தடத்தையும் கண்ணால் பாருங்கள். அபாயப் பலகை இருக்கும் இடத்தில் கருவி எதைக் காட்டினாலும் உள்ளே போகவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் கிட்டப் போகாமல், நிற்கும் இடத்தின் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

காணி எல்லையையும் கருவி தீர்மானிக்காது. சதுரமான ஓர் ஏக்கர் காணியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீற்றர். அந்தப் பக்க எல்லை 5 மீற்றர் தள்ளிப்போனால் 12 பேர்ச்சுக்கு மேல், அதாவது ஒரு பரப்புக்கும் கூடுதலான நிலம், அயலவருடையதாகிவிடும் அல்லது அவருடையது உங்களுடையதாகிவிடும். பழைய கிணற்றையும் அத்திவாரத்தையும் தேடிக் கண்டுபிடிக்கக் கருவி உதவட்டும். கதியால் போடுவதற்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ, அனுமதி பெற்ற நில அளவையாளரோ வேண்டும். கைத்தொலைபேசியைக் காட்டி அயலவருடன் வழக்காடவேண்டாம்.