நோயாளியோடு குடும்பமும் தங்கட்டும்!

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்து கண்ணமங்கலம், கணியம்பாடி தாண்டிப் பாகாயம் வழியாகப் போகிறது. அங்கேதான் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. மனநோயாளிகளை நடத்தும் முறையில் இந்தியா கண்ட பெரிய மாற்றங்களுள் ஒன்றுக்கு இந்த மையமும் ஒரு முன்னோடி. அந்த வழியே தினமும் போய்வரும் பலருக்கே இது தெரியாது.

வாசலோடு திரும்பிய உறவு

1794-ல் வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர் மனநோயாளிகளுக்காகச் சென்னையில் ஒரு விடுதி தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநோயாளர் காப்பகம் 145 பேருடன் இயங்கத் தொடங்கியது. 1912-ல் வந்த இந்தியப் பைத்தியச் சட்டமோ, நோயாளியைக் குணப்படுத்துவதைவிட அவரிடமிருந்து ஊரைக் காப்பதிலேயே குறியாக இருந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவோடு உள்ளே போனவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை.

1950-களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, குளோர்புரோமசின் போன்ற மருந்துகள். மற்றொன்று, குடும்பத்தை உள்ளே அழைத்த துணிச்சல். அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். பாகாயத்தில் 1957-ல் இந்த மையத்தைத் தொடங்கிய கனடா நாட்டு மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸும் அதே வழியில் போனார்.

உடன் தங்கும் அம்மாவோ, கணவரோ எந்த மாத்திரையை எப்போது தருவது, நோய் திரும்புவதற்கான அறிகுறிகள் எவை என்பதைக் கற்றுக்கொள்கிறார். 'காத்து கருப்பு' அல்ல, இது நோய்தான் என்பதும் புரிகிறது. கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் நோயாளிக்கு வருவதில்லை.

கீழ்ப்பாக்கமும் மாறியது. 1961-ல் அதன் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் வழி திறந்தார். ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் தீயிலிருந்து தப்ப முடியாமல் போனது. 28 உயிர்கள் பறிபோயின. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது.

தறி நின்றால்?

உடன் தங்குபவரின் வருமானத்துக்கு யார் பொறுப்பு? ஆரணியின் நெசவு வீட்டில் ஒருவர் தறியில் உட்கார்ந்தால், இன்னொருவர் தார் சுற்ற வேண்டும். சேலை முடிந்தால்தான் கூலி. ஒருவருக்கு மனநோய் வந்து, மற்றவர் மருத்துவமனையில் துணைக்கு இருந்தால் இரண்டு பேர் உழைப்பும் நின்றுபோகும். அதற்கு அஞ்சித்தான் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன, பாதியில் நிறுத்துகின்றன.

துணைக்கு இருப்பவருக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும். மனநல மருத்துவரும் மருந்தும் தாலுகா மருத்துவமனையிலேயே தவறாமல் கிடைக்க வேண்டும். குடும்பமே மருந்து என்று கண்டுபிடித்த நாடு, அந்தக் குடும்பத்தைப் பட்டினி போடக் கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனநோய் தீர வேண்டிச் சோளிங்கர் ஆஞ்சநேயரை நம்பிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். தூக்கமின்மை, தனக்குத்தானே பேசுவது, காரணமில்லாத அச்சம் என்று வீட்டில் யாரிடமாவது கண்டால், 14416 என்ற இலவச 'டெலி மானஸ்' எண்ணை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம்.